காடு கைமாறியது, கடல் கைவிட்டுப் போகவில்லை!

காடு யாருக்குச் சொந்தம்? கடல் யாருக்குச் சொந்தம்? வெட்டுகிறவனுக்கா, விற்கிறவனுக்கா? கடலில் இறங்குகிறவனுக்கா, கரையில் நின்று விலை பேசுகிறவனுக்கா? நாடு எதுவானாலும், கொடி எதுவானாலும், உழைப்பாளியின் வாழ்வை முடிவு செய்கிற கேள்வி இதுதான். இந்தக் கேள்விக்கு ஒரே மண்ணில், ஒரே மக்களிடையே, இரண்டு விதமான விடைகளை எழுதிக் காட்டிய மாநிலம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையிலே இருக்கிற மேய்ன் மாநிலந்தான் அது.

அமெரிக்கா என்றால் வானை முட்டும் மாடங்களும், வரிசை வரிசையாய் ஓடும் கார்களுமே நம் கண்முன் நிற்கும். மேய்ன் அந்தப் படத்திலே அடங்காது. அங்கே மாடங்களைக் காட்டிலும் மரங்களே உயரம். சாலையைவிட ஆறே பழைய பாதை. சீமான்களின் கதையைவிடச் செம்படவர்களின் கதையே சுவையானது. அந்தக் கதையை நம் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது என்று கருதுகிறோம்.

பாறையும் பைன் மரமும்

தமிழ்நாட்டின் பரப்பிலே பத்தில் ஏழு பங்கு இருக்கும் மேய்ன். ஆனால், மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பின்படி 13 லட்சத்து 62 ஆயிரமே! மேற்கே ஒரே ஒரு அமெரிக்க மாநிலம் எல்லையாக நிற்கிறது. மற்றத் திசைகளில் கனடாவும் அட்லாண்டிக் கடலும். நிலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் காடு. அமெரிக்க மாநிலங்களில் இந்த அளவுக்குக் காடு மூடிய மாநிலம் வேறில்லை.

கடற்கரையைப் பற்றிக் கேட்டால் வியப்பாக இருக்கும். நூல் பிடித்தாற்போல் நேராக அளந்தால் 228 மைல். வளைவு நெளிவுகளையும், கடல் நுழைந்த கால்வாய்களையும், தீவுகளின் ஓரங்களையும் சேர்த்து அளந்தாலோ ஏறத்தாழ 3,500 மைல்! பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மலைபோல் நின்ற பனிப்பாளங்கள் நகர்ந்து நகர்ந்து மண்ணை வழித்தெடுத்தன. பாறையைக் கீறிப் பள்ளம் பறித்தன. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது பள்ளங்கள் துறைகளாயின; மேடுகள் தீவுகளாயின. அத்தகைய தீவுகள் மூவாயிரத்துக்கு மேல் உண்டு.

மண் மெல்லியது, கல் மிகுந்தது. குளிரோ எலும்பை உறைய வைப்பது. ஏர் பிடித்துச் செல்வம் சேர்க்க இடமில்லை. மேய்ன் மக்களுக்கு வாழ்வளிக்க வேண்டியவை இரண்டே: ஒன்று காடு, மற்றொன்று கடல். இவை இரண்டும் யார் கையில் இருந்தன என்பதே அந்த மாநிலத்தின் வரலாறு.

மன்னன் போட்ட கோடரிக்குறி

வெள்ளையர் வந்து இறங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் இருந்தார்கள். பெனாப்ஸ்காட், பாசமகுவாடி, மாலிசீட், மிக்மாக் முதலிய இனத்தார். எல்லோரையும் சேர்த்து வபனாக்கி என்பார்கள்; விடியல் நாட்டார் என்று பொருள். வேனிலில் கடற்கரை, குளிரில் உள்காடு என்று பருவம் பார்த்து வாழ்ந்தார்கள். மரப்பட்டையால் படகு செய்தார்கள். மரச் சீவல்களால் கூடை முடைந்தார்கள். கூடை முடையும் அந்தக் கலை இன்றும் அவர்களிடம் வாழ்கிறது.

1604ல் பிரெஞ்சுக்காரர் 79 பேர் செயின்ட் குரோய் தீவிலே குடியேறினார்கள். முதல் குளிர்காலத்திலேயே 35 பேர் மாண்டார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களோடு நோயும் வந்தது, துப்பாக்கியும் வந்தது. 1755ல் பெனாப்ஸ்காட் மக்களின் தலைத்தோலுக்கு விலை வைத்து மாசசூசெட்ஸ் ஆட்சி அறிக்கையே வெளியிட்டது. தலைக்கு விலை வைப்பது எதற்கு? தரையைப் பறிப்பதற்கு!

தரையைப் பறித்த குடியேறிகளுக்காவது காடு கிடைத்ததா? அதற்கும் குறுக்கே வந்தது அரண்மனை. பிரிட்டிஷ் கப்பற்படைக்குப் பாய்மரம் வேண்டும். மேய்னின் வெள்ளைப் பைன் மரமோ ஓங்கி, நிமிர்ந்து, வளைவில்லாமல் வளர்வது. 1691ல் மாசசூசெட்சுக்கு அளித்த சாசனத்தில் மன்னர் ஒரு விதி எழுதினார்: தனியார் நிலம் அல்லாத இடத்தில், இரண்டடிக்குக் குறையாத குறுக்களவுள்ள மரமெல்லாம் மன்னருக்கே! கோடரியால் மூன்று வெட்டு, அம்புக்குறி போல. அது விழுந்த மரத்தைக் குடிமகன் தொட்டால் தண்டம்.

ஆத்திரம் வளர்ந்தது. 1775 ஜூன் மாதத்திலே, மச்சையாஸ் என்ற சிற்றூரில், பாஸ்டன் நகரிலிருந்த பிரிட்டிஷ் படைக்கு மரம் கொண்டுபோக வந்த கப்பல்களுக்குக் காவலாக ஒரு போர்க்கப்பல் நின்றது. மரம் அறுக்கும் தொழிலாளரும் ஊர் மக்களும் கோடரியும் கவைக்கோலும் ஏந்திச் சென்று அந்தப் போர்க்கப்பலைக் கைப்பற்றினார்கள். அமெரிக்க விடுதலைப் போரின் முதல் கடற்சண்டை அதுவே என்பார்கள்.

அடிமை மாநிலத்துக்கு எடைக்கல்

விடுதலைக்குப் பிறகும் மேய்ன், மாசசூசெட்சின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1820 மார்ச் 15ல் 23ஆவது மாநிலமாகத் தனித்து நின்றது. மகிழ வேண்டிய நாள்தான். ஆனால் அந்தப் பிறப்பிலும் ஒரு பேரம்! மிசூரி அடிமை முறையோடு நுழைய வேண்டும். எடை சமமாக அடிமையில்லாத மாநிலம் ஒன்றும் நுழைய வேண்டும். தராசுத் தட்டிலே எடைக்கல்லாக வைக்கப்பட்டது மேய்ன். தங்களுக்குத் தனி மாநிலம் கிடைக்கிற அந்தப் பேரத்தையே மேய்ன் பகுதி உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள் என்பதைக் குறிப்பிடத்தான் வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து, மேய்னின் பிரன்ஸ்விக் நகரிலே வாழ்ந்தபோதுதான் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ், அடிமை முறையின் கொடுமையை உலகறியச் செய்த 'டாம் மாமாவின் குடிசை' நாவலை எழுதினார். 1852ல் நூலாக வந்தது அது.

மன்னர் போனார், முதலாளி வந்தார்

மாநிலம் பிறந்தது, காடு மக்களுக்கு வந்ததா? இல்லை! பொதுநிலம் கூறுபோட்டு விற்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பகுதி விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர் யார்? மரம் வெட்டியவர் அல்லர்; மரவணிகர்.

பேங்கர் நகரம், உலகின் மரத் தலைநகர் என்று தன்னைத்தானே புகழ்ந்துகொண்டது. அந்தப் புகழின் அடியிலே யார் இருந்தார்கள்? பனிக்காலம் முழுதும் காட்டுக் கொட்டகையில் கிடந்து மரம் வெட்டியவர்கள் இருந்தார்கள். பனி உருகும் பருவத்தில், பெருக்கெடுத்த ஆற்றிலே உருளும் கட்டைகள்மீது ஏறி நின்று, கொக்கிக் கோலால் அவற்றை நகர்த்திச் சென்றவர்கள் இருந்தார்கள். கால் தவறினால் கட்டைகளுக்கு இடையே சமாதி! பலருக்கு ஆற்றங்கரையே கல்லறையாயிற்று. கென்னபெக் ஆற்றிலே கடைசிக் கட்டை மிதந்து சென்றது 1976ல்.

மரவணிகருக்குப் பிறகு காகித ஆலை வந்தது. 1900ல் மில்லினாக்கெட் என்ற இடத்திலே 'கிரேட் நார்தர்ன்' கம்பெனி ஆலை எழுப்பியது. காட்டுக்கு நடுவே ஓர் ஊரே திடுமென முளைத்ததால் 'மாய நகரம்' என்று பெயர். ஒரு காலத்தில் அந்த ஒரே கம்பெனிக்கு 20 லட்சம் ஏக்கருக்கு மேல் காடு சொந்தம்! காட்டில் விழுகிற மரமும் அதனுடையது. ஆலையில் உழைக்கிற ஊரும் அதன் தயவில். ஆலை ஓடியவரை ஊர் செழித்தது, உண்மை. ஆனால் 2008ல் ஆலை நின்றது. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள். கம்பெனிகளின் காடுகளோ, முதலீட்டு நிதியங்களின் கணக்கேட்டுக்கு மாறிக்கொண்டே இருந்தன.

கனடாவின் கியூபெக்கிலிருந்து பிரெஞ்சு பேசும் ஏழைகள் ஆயிரமாயிரமாக வந்து மேய்னின் நூல் ஆலைகளிலும் செருப்பு ஆலைகளிலும் சேர்ந்தார்கள். அவர்கள் கைகள் வேண்டியிருந்தன; அவர்கள் மொழி மட்டும் வேண்டாததாயிற்று. 1919ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குப் பள்ளியிலே தண்டனை! ஐம்பது ஆண்டுகள் நின்றது அந்தச் சட்டம். ஒரு தலைமுறை தன் தாத்தாவோடு பேசவே தயங்கும்படி வளர்ந்தது. மொழியைப் பறித்தவர்கள் பொருளையும் தரவில்லை. 1937ல் லூயிஸ்டன், ஆபர்ன் நகரங்களின் செருப்புத் தொழிலாளர் கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரல் 21ல் பாலத்தைக் கடந்து ஊர்வலம் சென்றவர்களைத் தடியோடு எதிர்கொண்டது போலீஸ். மாநிலப் படை வந்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள்.

1987ல் ஜே என்ற ஊரிலே 'இண்டர்நேஷனல் பேப்பர்' ஆலையில் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அளித்துவந்த கூடுதல் கூலியைக் கம்பெனி பறிக்க முயன்றது. ஆட்களைக் குறைக்க முயன்றது. நட்டத்தாலா? லாபம் வந்துகொண்டிருந்த காலத்திலே! பதினாறு மாதம் ஊரே உறுதியாக நின்றது. கம்பெனியோ புதிய ஆட்களை நிரந்தரமாகவே அமர்த்திக்கொண்டது. 1988 அக்டோபரில் போராட்டம் முடிந்தபோது பலருக்குத் திரும்பிச் செல்ல வேலையே இல்லை. பிறகு வேறு கம்பெனிகளுக்குக் கைமாறிய அந்த ஆலை 2023ல் மூடப்பட்டது. பட்டினி கிடந்து போராடியவனுக்கும் வேலை நிலைக்கவில்லை; அவன் இடத்தில் வந்து உட்கார்ந்தவனுக்கும் நிலைக்கவில்லை.

பறிபோனதைக் கேட்டவர்கள்

எல்லாம் போயிற்று என்று மேய்ன் மக்கள் கைகட்டி நின்றுவிடவில்லை. போனதைத் திரும்பக் கேட்ட கதைகளும் உண்டு.

ஒன்று: காட்டை விற்ற நாளிலே, ஊர்வட்டம் தோறும் பள்ளி முதலிய பொதுச் செலவுகளுக்கென்று கொஞ்சம் நிலம் ஒதுக்கியிருந்தார்கள். நூறாண்டு கழிந்தது. அந்த நிலமும் கம்பெனி நிலம் என்றே எல்லோரும் எண்ணிவிட்டார்கள். 1972ல் பாப் கம்மிங்ஸ் என்ற செய்தியாளர் பழைய ஏடுகளைப் புரட்டி உண்மையை எழுதினார். அங்கே விற்கப்பட்டது மரம் வெட்டும் உரிமை மட்டுமே, மண் விற்கப்படவில்லை! வழக்கு நடந்தது. விற்ற நாளில் நின்ற மரங்களுக்கு மட்டுமே அந்த உரிமை என்று 1981ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர் மக்களுக்கு மீண்டது. பத்திரிகைப் பேனா மண்ணை மீட்ட கதை இது!

இரண்டு: பழங்குடி மக்களிடமிருந்து நிலம் வாங்க நடுவண் அரசின் ஒப்புதல் வேண்டும் என்று 1790லேயே சட்டம் இருந்தது. அந்த ஒப்புதல் இல்லாமலே மாசசூசெட்சும் மேய்னும் நிலங்களை எடுத்துக்கொண்டன. பாசமகுவாடி மக்கள் 1972ல் நீதிமன்றம் ஏறினார்கள். இவர்கள் மாநிலத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையே 1967ல்தான் பெற்றவர்கள் என்பதை மறக்கக்கூடாது. பெனாப்ஸ்காட் மக்களும் சேர்ந்தார்கள். மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தங்களுடையது என்பது அவர்கள் கோரிக்கை! மாளிகைகள் நடுங்கின. 1980ல் உடன்பாடு வந்தது: 8 கோடியே 15 லட்சம் டாலர், அதில் பெரும்பகுதி நிலம் வாங்குவதற்கு. ஆனால் அதற்கு ஈடாகத் தன்னாட்சி உரிமையில் ஒரு பகுதியை இழந்தார்கள். அதை மீட்பதற்கான முயற்சி ஓயவில்லை.

மூன்றாவது கதையில் மீட்பு இல்லை, வெட்கம் மட்டுமே. மலாகா என்ற சிறு தீவிலே கறுப்பரும் வெள்ளையரும் கலந்து மணந்து, மீன் பிடித்து வாழ்ந்தார்கள். சுமார் 45 பேர். அந்தக் கலப்பு கண்ணை உறுத்தியது. 1912ல் மாநில அரசே அவர்களை விரட்டியது. சிலரை மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் அடைத்தார்கள். இறந்தவர்களின் கல்லறையையும் தோண்டி எடுத்துச் சென்றார்கள். 2010ல்தான் சட்டமன்றம் வருத்தம் தெரிவித்தது. 98 ஆண்டு கழித்து வந்த வருத்தம்!

கடலிலே எழுந்த சட்டம்

இனிக் கடலுக்கு வருவோம். காட்டிலே தோற்ற மக்கள் கடலிலே எப்படித் தோற்காமல் நின்றார்கள்?

மேய்ன் கடலின் செல்வம் சிங்கி இறால். நம் கடலில் கிடைப்பதைப்போல் அல்லாமல், இரண்டு பெரிய கொடுக்குகளோடு இருப்பது. கூடு வைத்துத்தான் பிடிப்பார்கள். கூடு கிடக்கிற இடத்தைக் காட்ட மேலே மிதவை. ஒவ்வொருவர் மிதவைக்கும் ஒவ்வொரு வண்ணம்.

அங்கே உள்ள விதிகளைக் கேளுங்கள். தலை ஓட்டின் நீளம் மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால், குஞ்சு, கடலில் விடு. ஐந்து அங்குலத்துக்கு மிஞ்சினால், இனம் பெருக்கும் பெரியது, அதையும் விடு. முட்டை சுமக்கும் பெண் இறால் சிக்கினால், வால் மடலில் ஒரு சிறு வெட்டுக்குறி போட்டு விடு. அந்தக் குறியுள்ள இறால் நாளைக்கு முட்டையில்லாமல் வேறொருவர் கூட்டில் ஏறினாலும், அவரும் விட்டாக வேண்டும்!

அன்று மன்னர் மரத்தில் போட்டதும் குறிதான். இன்று மீனவர் இறாலில் போடுவதும் குறிதான். மன்னரின் குறி 'இது எனக்கு' என்றது. மீனவரின் குறி 'இது நாளைக்கு' என்கிறது. இரண்டு குறிக்கும் உள்ள தூரம் எவ்வளவு!

இன்னும் கேளுங்கள். உரிமம் பெற்றவரே படகில் இருந்தாக வேண்டும். பணக்காரர் ஒருவர் நூறு படகு வாங்கி, கரையில் உட்கார்ந்துகொண்டு கூலிக்கு ஆள் அனுப்ப முடியாது. புதியவர் பழைய கையின் கீழ்த் தொழில் பயில வேண்டும். ஒருவருக்கு 800 கூடுகளுக்கு மேல் இல்லை. இழுவலை போட்டுச் சிங்கி இறாலை வாரிவர இடமில்லை. 1995ல் வந்த சட்டப்படி கடற்கரை ஏழு வட்டங்களாகப் பிரிந்தது. வட்டம் தோறும் மீனவரே தேர்ந்தெடுத்த குழு. கூடுகளின் அளவு முதலியவற்றை அவர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.

இந்தப் பழக்கம் வானத்திலிருந்து விழவில்லை. மேய்னின் சிற்றூர்களிலே ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க்கூட்டம் நடக்கும். சாலைக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று ஊரார் நேரில் அமர்ந்து விவாதித்துக் கை தூக்கி முடிவு செய்வார்கள். ஊரிலே பழகிய கை, கடலிலும் உயர்ந்தது.

குறையே இல்லையா? உண்டு. ஒவ்வொரு துறையாரும் தங்கள் கடலுக்கு எல்லை வகுத்துக்கொண்டார்கள். அயலார் கூடு வைத்தால் முதலில் மிதவையில் முடிச்சுப் போட்டு எச்சரிக்கை. கேளாவிட்டால் கயிற்றை அறுத்துவிடுவார்கள். சண்டைகள் நடந்தன, புதியவருக்குக் கதவு எளிதில் திறப்பதில்லை. அதை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை.

அரசாங்கமும் எப்போதும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1954ல் மேய்ன் மீனவர்கள் சங்கம் அமைத்தார்கள். 1957ல் விலையை வணிகர் அடித்து நொறுக்கியபோது, கட்டுப்படியாகிற விலை கிடைக்கும்வரை கடலுக்குப் போகமாட்டோம் என்று படகைக் கட்டிப்போட்டார்கள். என்ன நடந்தது? ஏகபோக முதலாளிகளை அடக்க எழுதிய சட்டத்தை எடுத்து, மீனவர் சங்கத்தின்மீது வீசினார்கள்! 1958ல் சங்கம் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. கோடிகளைக் குவித்த கம்பெனிகள் ஏகபோகமல்ல. கூடு தூக்கும் கைகள் ஒன்று சேர்ந்தால் அது ஏகபோகமாம்! ஆயினும் சங்கம் சாகவில்லை. 2013ல் இயந்திரத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து தொழிற்சங்கம் ஒன்றும் தோன்றியது.

பலன் என்ன? அதே கடலிலே காட் என்ற மீன் ஒரு காலத்தில் கொட்டிக் கிடந்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் வாரி வாரி எடுத்தன, வளம் சரிந்தது. இன்னும் எழவில்லை. சிங்கி இறாலோ 2016ல் 6 கோடி கிலோ அளவுக்குக் கரையேறியது! நீர் சற்றுச் சூடேறியதும், இறால் குஞ்சைத் தின்னும் காட் குறைந்ததும் உதவின என்பார்கள். உண்மையே. ஆனால் தெற்கே, இத்தனை கட்டுப்பாடு இல்லாத கடலிலே, இறால் வளம் சரிந்துவிட்டது. மேய்ன் மீனவரின் கட்டுப்பாடே பெருக்கத்துக்குத் துணை நின்றது என்று 2018ல் வெளிவந்த ஆய்வும் கூறிற்று.

இன்று புதிய ஆபத்து வாசலில் நிற்கிறது. உலகின் பெரும்பாலான கடல்களைவிட வேகமாகச் சூடேறுகிறது மேய்ன் வளைகுடா. 2016க்குப் பிறகு பிடிப்பு இறங்கிவருகிறது. படகுத் துறைகளைக் கோடை விடுமுறைச் செல்வர்களின் மாளிகைகள் விழுங்குகின்றன. கரை போனால் கடல் எப்படி நிற்கும்? மீனவர் கேட்கிற கேள்வி இது. சூடேறும் நீரை வெட்டுக்குறியால் தடுக்க முடியாது; அதற்கு உலகமே உடன்பட வேண்டும்.

தோழர்களே! மேய்ன் காட்டையும் மேய்ன் கடலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காட்டிலே உழைத்தவனுக்கு வீரம் குறைவா? உருளும் கட்டைமேல் நின்றவன் வீரம் குறைந்தவன் அல்லன். ஜே ஊரில் பதினாறு மாதம் நின்றவன் உறுதி குறைந்தவன் அல்லன். ஆயினும் அவன் காலடி மண் இன்னொருவன் ஏட்டிலே எழுதப்பட்டிருந்தது. ஆகவே ஏடு கைமாறியபோது அவன் வாழ்வும் கைமாறியது. கடலிலே உழைத்தவன், 'படகில் இருப்பவனுக்கே உரிமை' என்ற ஒரே வரியைச் சட்டத்திலே எழுத வைத்தான். அந்த ஒரு வரி ஏறத்தாழ ஐயாயிரம் குடும்பங்களைத் தாங்கி நிற்கிறது.

உரிமை எழுதப்படும்போது உழைப்பவன் அருகில் இருக்க வேண்டும். எழுதிய பின் அதைப் படித்துப் பார்க்கவும் வேண்டும். நூறாண்டு பழைய ஏட்டிலே 4 லட்சம் ஏக்கர் ஒளிந்திருந்ததே, எடுத்துப் பார்க்க ஒருவர் வரும்வரை! தனக்கென்று கிடைத்த உரிமைக்குத் தானே அளவும் போட வேண்டும். இன்றைக்குக் கையில் ஏறியதை நாளைக்காகத் திருப்பிவிடும் மனமும் வேண்டும். சட்டம் எழுதுவது சீமான்களின் வேலை என்று எண்ணியிருப்போர்க்கு, கைகளில் காய்ப்பேறிய மேய்ன் மீனவர்கள் எழுதிய சட்டம் கடலிலே நீந்திக்கொண்டிருக்கிறது, வாலிலே ஒரு சிறு வெட்டுக்குறியோடு.